வெண்கல வாள் எங்கே போனது?

2025 பிப்ரவரி 2, பெருந்துறை வாசகர் கேட்டது

ஜனவரியில் தமிழக அரசின் 'இரும்பின் தொன்மை' அறிக்கை வந்ததிலிருந்து எங்கள் ஊர் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. சிவகளையில் கிடைத்த இரும்புக்குக் காலம் கி.மு. 3345 என்கிறார்கள், சந்தோஷம். என் சந்தேகம் வேறு. இரும்பு கெட்டி, வெண்கலம் மெத்து, அதனால்தான் இரும்பு வந்ததும் உலகம் முழுக்க வெண்கல வாளைத் தூக்கிப் போட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கொங்கு நாட்டு வெண்கல வாள் எங்கே? கொடுமணலில் இரும்பு ஆயுதம் கிடைக்கிறது, இரும்பு உருக்கிய உலை கிடைக்கிறது. வெண்கல வாள் பற்றிப் பேச்சே காணோம். நமக்கு வெண்கலம் தெரியாதா, இல்லை இருந்ததையெல்லாம் உருக்கிக் குண்டா செய்துவிட்டோமா?

பிப்ரவரி 3

வெண்கலம் மெத்து என்று எழுதியவர் ஒரு நாளாவது அதை அரத்தால் தேய்த்துப் பார்த்திருக்க மாட்டார்.

முப்பது வருஷமாகக் கணபதியில் சின்னதாக ஒரு பவுண்டரி வைத்திருக்கிறேன். பம்புக்குள் ஷாஃப்டைத் தாங்கும் வளையம், கன்மெட்டல் புஷ், ஊற்றுவது பிழைப்பு. கன்மெட்டல் என்றால் 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம். ஒரு காலத்தில் பீரங்கி வார்த்த உலோகம், பெயரும் அதனால் வந்ததுதான். அந்தத் துத்தநாகத்தை மட்டும் எடுத்துவிட்டால் மூவாயிரம் வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் வாள் வார்த்த கலவை அப்படியே நிற்கும். அங்கே கிடைத்த வாள்களில் வெள்ளீயம் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம். உங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குள் ஒரு துண்டு வாள் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தச் செம்பு மெத்துதான். ஆல்ப்ஸ் பனியில் 1991இல் உடல் கிடைத்த, ஐயாயிரம் வருஷத்துக்கு முன் செத்த ஓட்ஸி என்ற மனிதன் வைத்திருந்த கோடரி ஏறக்குறைய முழுக்கச் செம்பு. மரம் வெட்டலாம், வாளாக நீட்டினால் வளைந்துவிடும். துருக்கியில் அர்ஸ்லான்தெபே என்ற இடத்தில் கி.மு. 3000க்கும் முந்தைய வாள்கள் கிடைத்தன. அவற்றில் செம்போடு சேர்ந்திருப்பது ஆர்செனிக். நம் ஆட்கள் பாஷாணம் என்பார்களே, அதன் குடும்பம். செம்பைக் கெட்டிப்படுத்தும், உலையடியில் உட்கார்ந்து புகையைக் குடிப்பவனையும் படுக்க வைக்கும். வெள்ளீயம் வந்தபிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது.

கரி ஏறாத தேனிரும்பை ஒரு பக்கமும், குளிரத் தட்டிய பத்து சதவீத வெண்கல விளிம்பை இன்னொரு பக்கமும் வைத்தால் வெண்கலம்தான் கடினம். விளிம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இன்னும் ஏறும், நம் கொல்லர் அருவாளுக்குச் செய்வது போல.

இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒன்று ஊற்றிப் பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. உலை இருக்கிறது, மணல் இருக்கிறது. ஆர்டர்தான் இல்லை.

பிப்ரவரி 3, இரவு

புஷ் சுற்றாது. ஷாஃப்ட்தான் சுற்றும், புஷ் உட்கார்ந்திருக்கும். முப்பது வருஷம் ஊற்றியவன் எழுதுகிற எழுத்தா இது என்று பையன் கேட்கிறான்.

பிப்ரவரி 5

வெள்ளீயம் என்றால் ஈயமா, தகரமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான குழப்பம். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவரிடம் போடும் ஈயம் பாதி நாள் அலுமினியம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு அசல் வெள்ளீயம். பித்தளைக் குண்டாவுக்கு ஈயம் பூசுவதும் அதுவே. காரீயம் வேறு, பேட்டரிக்குள் இருக்கும் கனத்த சாமான். தகரம் என்று புத்தகத்தில் வெள்ளீயத்தை எழுதுவார்கள், நமக்கோ அது கூரைக்குப் போடும் தகடு. பவுண்டரியில் 'டின்' என்போம், சண்டை இல்லை. இங்கே வெள்ளீயம் என்றே எழுதுகிறேன்.

ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துவிட்டு அடிப்பாகத்தை இழந்த வீடு எல்லாத் தெருவிலும் ஒன்று உண்டு. 232 டிகிரியில் உருகிவிடும். செம்புக்கு 1085 வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால், பத்து சதவீதத்தில், ஆயிரத்தை ஒட்டியே முழுக்க உருகிவிடும். துருத்தி ஊதுகிறவனுக்கு அந்த எண்பது டிகிரி பெரிய சகாயம்.

பிப்ரவரி 9

கேள்விக்கு வருகிறேன். கொங்கில் ஏன் இல்லை?

வெள்ளீயம் இல்லை, அவ்வளவுதான். செம்பு உலகத்தில் பல இடங்களில் கிடைக்கும், வெள்ளீயம் சில இடங்களில் மட்டும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை, ஆப்கானிஸ்தான் பக்கம், மலாய் நாடு. துருக்கிக் கடலோரத்தில் 1982இல் ஒரு கடற்பஞ்சு எடுப்பவர் கண்ட ஊளுபுருன் கப்பல் கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்கியது. அதற்குள் ஏறக்குறைய 10 டன் செம்புக் கட்டி, 1 டன் வெள்ளீயம். பத்துக்கு ஒன்று! கன்மெட்டல் ஆர்டரை அப்படியே லாரியில் ஏற்றின மாதிரி. ஒரு கப்பல் மூழ்கினால் எத்தனை ஊர் வாள் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நமக்கோ காலடியில் இரும்பு. சேலத்துக் கஞ்சமலை முழுக்கக் காந்தக்கல். மழை பெய்து ஓய்ந்த ஓடையில் காந்தத்தைக் கட்டி இழுத்தால் கருமணல் ஒட்டிக்கொண்டு வரும், சின்ன வயசில் எல்லோரும் செய்ததுதான். கரி சுட விறகும் பக்கத்திலேயே. இப்படி இருக்கிறவன் வெள்ளீயத்துக்குக் கடல் தாண்டிப் போவானா? வட இந்தியாவிலும் மேற்கே மற்ற நாடுகளிலும் செம்புக்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் என்று படிப்படியாகச் சொல்வார்கள். தெற்கே கல்லிலிருந்து நேரே இரும்புக்குத் தாவியதாகத்தான் தொல்லியலாளர்கள் எழுதுகிறார்கள்.

வெண்கலம் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பேர் சொல்லும் அதே ஊர், சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் வடகரையில் இருக்கும் கொடுமணல். அங்கே கிடைத்தவற்றில் ஒரு சின்ன வெண்கலப் புலி உண்டு, உடம்பில் கல் பதித்தது. ஆதிச்சநல்லூரில் நூற்றிருபது வருஷத்துக்கு முன் தோண்டியபோதே வெண்கலக் கிண்ணம், மூடி மேல் மிருகப் பொம்மை வைத்த சாடி எல்லாம் கிடைத்தன. அதே இடத்தில் வாளும் ஈட்டியும் இரும்பு. நீலகிரிக் கல்வட்டங்களிலும் நேர்த்தியான வெண்கலக் கிண்ணங்கள். ஆக, அருமையாகக் கிடைத்த பொருளை அழகுச் சாமானுக்கு வைத்துக்கொண்டார்கள், வெட்டுக் குத்துக்கு ஊர் இரும்பு. எங்கள் வீட்டிலும் வெள்ளித் தட்டு பீரோவில், எவர்சில்வர் தட்டு சாப்பாட்டுக்கு.

பிப்ரவரி 10

குண்டா விஷயத்தை விட்டுவிட்டேன். விளையாட்டாகக் கேட்டாலும் சரியான கேள்வி. உடைந்த வெண்கலம் வீணாவதில்லை, உருக்கினால் புதுசு. ஆகவே பழைய வாள் நாளைய குண்டா என்பது உலகம் பூரா நடந்ததுதான். ஆனால் கல்லறைக்குள் வைத்ததை யாரும் உருக்குவதில்லை. வெண்கலக் கிண்ணத்தையும் புலியையும் புதைக்கத் தெரிந்தவர்களிடம் வெண்கல வாள் இருந்திருந்தால் ஒன்றிரண்டாவது குழிக்குள் போயிருக்கும். இரும்பு வாள் போயிருக்கிறதே.

பிப்ரவரி 16

மேலே 3ஆம் தேதி எழுதியதில் ஒரு வரி தப்பு. பெரிய தப்பு. தண்ணீரில் முக்கினால் வெண்கலம் கெட்டிப்படும் என்றேனே, படாது. ஒரு பேராசிரியை தனியாக எழுதித் திருத்தினார், மரியாதையாகத்தான்.

முக்கினால் கெட்டிப்படுவது கரி ஏறிய உருக்கு. பத்து சதவீத வெண்கலத்தைக் காய்ச்சினால் மெத்தாகிவிடும். மெல்ல ஆறவிட்டாலும் தண்ணீரில் போட்டாலும் மெத்துதான். அதைக் கெட்டிப்படுத்த ஒரே வழி குளிரத் தட்டுவது. இது எனக்குத் தெரியாததில்லை, செம்புக் கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்த எவனுக்கும் தெரியும். பழக்க தோஷம், கை அருவாளை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் தண்ணீரில் முக்கும் வெண்கலமும் உண்டு, காரியம் தலைகீழ். ஆதிச்சநல்லூர், நீலகிரிக் கிண்ணங்களில் சிலவற்றை ஆராய்ந்ததில் வெள்ளீயம் 23 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எங்கள் பவுண்டரியில் அப்படி ஒரு கலவை வந்தால் குப்பையில் போடுவோம், கீழே விழுந்தால் உடையும். ஆனால் அதைச் சிவந்த சூட்டிலேயே தட்டித் தகடாக்கி, அந்தச் சூட்டோடு தண்ணீரில் போட்டால் நொறுங்கும் பகுதி உண்டாக நேரம் கிடைக்காது. முக்குவது கெட்டிப்படுத்த இல்லை, உடையாமல் காக்க. முட்டை ஓடு கனத்தில் கிண்ணம் அடித்திருக்கிறார்கள். இன்னும் மேலே போய் 33 சதவீதம் ஆனால் வெள்ளை வெளேர் என்று பளபளக்கும். கேரளத்தில் உலோகத்தில் செய்யும் ஆறன்முளைக் கண்ணாடி அதுதான்.

ஆக 'வெண்கலம் தெரியாதா' என்ற கேள்விக்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். வாள் வார்த்தவனைவிடக் கிண்ணம் அடித்தவனுக்கு அதிகமாகவே தெரிந்திருந்தது.

மார்ச் 2

முதல் வார்ப்பு. கேவலம்.

வழக்கமாகப் பழைய புஷ் வாங்கும் கடையில் இருபது கிலோ எடுத்தேன். கன்மெட்டல் என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். மரத்தில் ஒரு பேட்டர்ன் செதுக்கினேன், அலகு 35 சென்டிமீட்டர், நடுவில் தண்டு, கைப்பிடிக்கு நாக்கு. வாள் என்று சொல்லிக்கொண்டாலும் சூரிக்கத்தி அளவுதான். இதற்கு மேல் நீளம் போனால் போலீஸ் ஸ்டேஷனில் தொல்லியல் விளக்க வேண்டி வரும். விளிம்பும் மொட்டையாகவே இருக்கட்டும் என்று முடிவு.

மெட்டல் நுனி வரை ஓடவில்லை. மெல்லிசான அலகு, ஈர மணல், பாதி வழியிலேயே உறைந்துவிட்டது. அடுத்த பெட்டியில் நுனியை மேலே வைத்து நிமிர்த்தி ஊற்றினேன், நிறைந்தது. குளிர்ந்தபின் விளிம்பைத் தட்ட ஆரம்பித்தால் ஓரமெல்லாம் விரிசல். சூடு பண்ணித் தட்டலாம் என்று காய்ச்சினேன். முதல் அடியிலேயே சர்க்கரைக் கட்டி போல் பொலபொலவென்று உதிர்ந்தது.

காரீயம்! அது கன்மெட்டலே இல்லை, எல்.டி.பி.2. வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் எல்லாம் ஐந்து ஐந்து, மீதி செம்பு. புஷ்ஷுக்கு அது தங்கம், ஏனென்றால் காரீயம் செம்பில் கரையாமல் பொட்டுப் பொட்டாக நிற்கும், ஷாஃப்டுக்கு எண்ணெய் மாதிரி வழுக்கிக் கொடுக்கும். அதே பொட்டு 327 டிகிரியில் உருகிவிடும். சூட்டில் அடித்தால் உள்ளே தண்ணீர் நிறைந்த செங்கல்லை அடிப்பது போல.

மார்ச் 4

கடைக்காரரிடம் கேட்டேன். "வாளுக்குன்னு சொல்லலீங்களே" என்கிறார்.

மார்ச் 23

இரண்டாவது முறை கணக்காக. மோட்டார் காயில் கழித்த செம்புக் கம்பி 9 கிலோ, புதுசாக வாங்கிய வெள்ளீயக் கட்டி 1 கிலோ. அந்த ஒரு கிலோவுக்குக் கொடுத்த காசில் செம்பு மூன்று கிலோவுக்கு மேல் வாங்கலாம். ஊளுபுருன் கப்பல்காரனை அப்போதுதான் மனதார நினைத்தேன்.

உருக்கும் பாத்திரமான மூசையில் செம்பை முதலில் உருக்கி, மேலே கரித்தூள் போட்டு மூடி, கடைசியில் வெள்ளீயம். முன்னாலேயே போட்டால் காற்றுப்பட்டு எரிந்து கசடாகப் போகும், கொடுத்த காசும் அதோடு போகும். உருகியதில் சேர்ந்த ஆக்சிஜனை எடுக்கத் துளி பாஸ்பர் காப்பர் சேர்த்தேன். மூவாயிரம் வருஷத்துக்கு முன் அது கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். மணலுக்குப் பதில் சுட்ட களிமண் அச்சு, இரண்டு பாதி, ஊற்றுவதற்கு முன் அடுப்பில் வைத்துச் சூடாக்கியது. மெட்டல் தண்ணீர் போல ஓடியது.

உடைத்து எடுத்தபோது அதன் நிறத்தைப் பார்த்திருக்க வேண்டும். மியூசியத்தில் பச்சையாகவும் கறுப்பாகவும் பார்த்துப் பழகிவிட்டோம். புதுசாக இருக்கும்போது அது தங்கம். எங்கள் வீட்டம்மா உள்ளே வந்து, "இதுல எனக்கு ரெண்டு வளையல் ஊத்தியிருக்கலாம்" என்றார். அதுவும் சரிதான். நிறம் வெறும் அழகு இல்லை, அந்தக் காலத்துக் கொல்லனுக்கு அதுவே தராசு. செம்பு சிவப்பு, வெள்ளீயம் ஏற ஏற மஞ்சள், அப்புறம் வெளுப்பு. ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண் சொல்லிவிடும்.

தட்டினேன். இதுவும் விரிந்தது, ஆனால் முன்னளவு இல்லை. இரண்டு நாள் தூக்கம் போயிற்று. அப்புறம் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினால் விடை இருக்கிறது. பத்து சதவீதம் என்பது மொத்தக் கணக்கு. வார்ப்பு உறையும்போது வெள்ளீயம் சீராகப் பரவாது, முதலில் உறைவதில் குறைவு, கடைசியில் உறையும் சந்து பொந்துகளில் அதிகம். அந்தச் சந்தில் மட்டும் நொறுங்கும் வெண்கலம். பாயசத்தில் முந்திரியெல்லாம் அடியில் தங்கின மாதிரி. மங்கின சிவப்புச் சூட்டில் சில மணி நேரம் வைத்திருந்தால் அது கரைந்து பரவிவிடும். எட்டுமணிக் கரண்ட் போவதற்குள் ஒருவழியாக வைத்து எடுத்தேன்.

ஏப்ரல் 12

பங்குனி உத்திர நோம்பிக்கு ஆட்கள் பழனிக்கு நடந்து போய்விட்டார்கள், பட்டறை காலி. நான்கு நாள் தனியாகத் தட்டினேன்.

இதைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதலாம். காய்ச்சி எடுத்த அலகில் முதல் அடி மொத்தென்று விழும், மூட்டையை அடித்தது போல. இருபது முப்பது அடியில் சத்தம் மாறும். மெல்ல மெல்ல கணீர் என்று வரும், சுத்தியல் கையை உதறும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு அடி என்று ஆசைப்பட்டால் ஓரத்தில் மயிர்க் கோடாக விரிசல். மறுபடி காய்ச்சு, மறுபடி மொத்தென்று ஆரம்பி. மூன்று மில்லிமீட்டர் விளிம்பை ஒரு மில்லிமீட்டருக்குக் கொண்டுவர ஆறு தடவை காய்ச்சினேன். கடைசி முறை தட்டியதைக் காய்ச்சாமல் அப்படியே விட்டேன், அதுதான் கெட்டி.

கோவையில் கடினம் பார்க்கும் மெஷினுக்குப் பஞ்சமா? தெரிந்த டூல்ரூமில் கொண்டுபோய் வைத்தேன். நடுத்தண்டு, தட்டாத இடம், 90ஐ ஒட்டி. தட்டின விளிம்பு 180ஐத் தாண்டியது. பக்கத்தில் கிடந்த சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பட்டையை வைத்தால் 125.

பெருந்துறைக்காரரே, எது மெத்து?

ஏப்ரல் 13

கடினம் பார்க்க அழுத்தும் பிரினெல் குண்டை ஒரு மில்லிமீட்டர் விளிம்பில் எப்படி வைத்தீர்கள் என்று ஒருவர் மடக்குகிறார். குண்டு இல்லைங்க, விக்கர்ஸ், வைர முனை. உங்களைப் போல நாலு பேர் இருந்தால் ஊர் உருப்படும்.

ஏப்ரல் 20

சீனத்து வாளைப் பற்றிச் சொல்லாமல் வெண்கலமா என்று கேட்டவருக்கு.

1965இல் ஹூபேயில் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த கோவ்ஜியான் அரசரின் வாள், ஐம்பத்தைந்து சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம், இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் விளிம்பு கூர். நடுவில் செம்பு அதிகம், ஓரத்தில் வெள்ளீயம் அதிகம். நடு வளையும், ஓரம் வெட்டும். அங்கே சில வாள்களில் நடுத்தண்டை ஒரு கலவையில் வார்த்து, ஓரத்தை வேறு கலவையில் அதன்மேல் வார்த்திருக்கிறார்கள். நான் நான்கு நாள் சுத்தியலால் செய்ததை அவர்கள் மூசையிலேயே முடித்துக்கொண்டார்கள். பொறாமையாக இருக்கிறது. சின் அரசரின் கல்லறைக்குக் காவலாகச் செய்து வைத்த சுடுமண் வீரர்கள் பக்கத்தில் கிடைத்த ஆயுதங்கள் அதைவிட விசேஷம், குரோமியம் பூசியிருக்கிறார்கள், துருவே இல்லை.

பழைய சீன நூல் ஒன்றில் ஆறு கலவைக்கு அளவு சொல்லியிருக்கிறது. மணிக்கு ஆறில் ஒன்று வெள்ளீயம், கோடரிக்கு ஐந்தில் ஒன்று, ஈட்டிக்கு நான்கில் ஒன்று, பெரிய அலகுக்கு மூன்றில் ஒன்று, அம்புக்கு ஐந்தில் இரண்டு, கண்ணாடிக்குப் பாதி. படிக்க ஜோராக இருக்கும். அப்படியே ஊற்றினால் வாள் ஆறன்முளைக் கண்ணாடியாகிவிடும், முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு சண்டைக்குப் போகலாம். கிடைத்த ஆயுதங்களை ஆராய்ந்தாலும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. 2022இல் வந்த ஓர் ஆய்வு, நூலில் உள்ள இரண்டு சொல்லும் சுத்தச் செம்பையும் சுத்த வெள்ளீயத்தையும் குறிக்கவில்லை, முன்கூட்டியே கலந்து வைத்த கட்டிகளைக் குறிக்கலாம் என்கிறது. எனக்கு இது உடனே பிடித்துவிட்டது. என் பட்டறைச் சுவரில் 'பெரிய கட்டி 4, சின்ன கட்டி 1, கம்பி அரை' என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. இரண்டாயிரம் வருஷம் கழித்து எவனாவது படித்தால் என்ன பாடு படுவான்!

ஏப்ரல் 22

குரோமியம் கதை புஸ்வாணம். இருபது வருஷமாக மேடை போட்டுச் சொல்லி வந்தேன். 2019இல் நிறைய ஆயுதங்களை ஆராய்ந்து பார்த்து, அந்தக் குரோமியம் பக்கத்தில் இருந்த அரக்குப் பூச்சிலிருந்து ஒட்டியது என்று சொல்லிவிட்டார்கள். அலகில் இல்லை, மரப்பிடி இருந்த பக்கத்தில்தான் அதிகம். துருப் பிடிக்காததற்கு மண்ணின் குணமும் வெள்ளீயமும் காரணம். மேலே எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், பட்டதும் கிடக்கட்டும்.

மே 11

வடிவம் பற்றி.

நடுவில் ஏன் தண்டு விட்டீர்கள், ரத்தம் வடியவா என்று ஒருவர். சினிமா பார்த்தது போதும். வெண்கலம் உருக்கில் பாதி விறைப்புதான். எவ்வளவு தட்டினாலும் கடினம் ஏறும், விறைப்பு ஏறாது, அது உலோகத்தின் ஜாதகம். ஒரே அளவில் இரண்டு அலகு செய்து நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டால் வெண்கலம் இரண்டு மடங்கு வளையும். அதற்கு மருந்து கனம். மொத்த அலகையும் கனமாக்கினால் தூக்க முடியாது, நடுவில் மட்டும் தண்டு விட்டால் போதும். பனை மட்டையைப் பாருங்கள், நடுவில் தண்டு, ஓரத்தில் கருக்கு.

குத்துவதற்கென்று ஐரோப்பாவில் செய்த ஒல்லியான நீள வாள்களில் அலகின் அடி குட்டை, பிடியோடு நான்கைந்து ரிவெட்டில் தொங்கும். பக்கவாட்டில் ஓர் அடி பட்டால் ரிவெட் துளை கிழிந்துவிடும், அப்படிக் கிழிந்தது நிறையக் கிடைத்திருக்கிறது. பிறகுதான் அலகையும் பிடி நாக்கையும் ஒரே வார்ப்பாக ஊற்றி, நாக்கின் இரண்டு ஓரத்தையும் மடித்து விளிம்பு கட்டி, நடுவில் எலும்போ மரமோ வைத்து அறைந்தார்கள். கி.மு. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பரவிய இந்த வகைக்கு நவே என்ற ஜெர்மானியர் பேர் வைத்திருக்கிறார்கள். சிலவற்றின் அலகு அரசிலை போல முன்னால் அகன்று இடுப்பில் ஒடுங்கும். கனம் முன்னால் போவதால் வெட்டு ஆழமாக இறங்கும். நம் கொடுவாளின் மூக்குக் கனமாக இருப்பதும் இதற்குத்தானே.

உத்தரப் பிரதேசத்துச் சினௌலியில் 2018இல் கிடைத்த வாள் வெண்கலமா என்ற கேள்விக்கு: அது செம்பு என்றுதான் சொல்கிறார்கள். வட இந்தியச் செம்புக் குவியல்களில் பிடி இரண்டு கொம்பாகப் பிரியும் வாள்கள் வரும், அந்த இனம்.

ஜூன் 8

வெட்டிப் பார்த்தாயிற்று. தோட்டத்தில் தார் வெட்டின வாழை ஏழெட்டு நின்றது. முதல் வீச்சில் மரம் சாய்ந்தது, மொட்டை விளிம்போடு. மூன்றாவதில் கைக்குள் ஏதோ ஆடியது. ஐந்தாவதில் பிடி தனியாக வந்துவிட்டது. ரிவெட் மூன்று போட்டிருந்தேன், ஓரம் மடிக்கச் சோம்பல். போன மாதம் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன்.

மாமரக் கட்டை மேல் எம்.எஸ். பட்டையை வைத்து ஒரு அடி. பட்டையில் தடம், என் விளிம்பில் சின்னப் பல். உடையவில்லை. அந்தப் பல்லைப் பத்து நிமிஷம் தட்டினேன், மறைந்துவிட்டது. 2020இல் ஒரு குழு பிரதி வாள்களைச் செய்து ஆட்களை விட்டு மோதவைத்து, விழுந்த வடுக்களை பிரிட்டனிலும் இத்தாலியிலும் கிடைத்த பழைய வாள்களின் வடுக்களோடு ஒப்பிட்டது. விளிம்போடு விளிம்பு கண்டபடி மோதினால் பல் விழுவது தெரிந்ததால், எதிரியின் அலகைத் தடுத்துத் தள்ளும் பயிற்சி அவர்களுக்கு இருந்திருக்கிறது என்று முடிவு.

இங்கே எனக்கே ஒரு நெருடல். எம்.எஸ்.ஸோடு மோதி ஜெயித்தேன், சரி. எங்கள் அப்பாவின் கொடுவாளோடு? சேலத்துக் கொல்லர் அடித்தது, வாய் மட்டும் தண்ணீர் காட்டினது. அதை எடுத்து மெதுவாகத்தான் தட்டினேன். வெண்கலத்தில் நகம் போனது போல வெட்டு. கொடுவாளில் ஒன்றுமே இல்லை.

ஜூன் 9

இரவெல்லாம் யோசித்ததில், பிப்ரவரி 9 குறிப்பு பாதிதான் சரி. வெள்ளீயம் இல்லை என்றேன், அது உண்மை. ஆனால் 'இரும்பு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சாமானைப் போட்டுக் குழப்பிவிட்டேன். தேனிரும்பை வெண்கலம் ஜெயிக்கும். கரி ஏறி, முக்கிக் கெட்டிப்படுத்திய உருக்கிடம் மூச்சே விட முடியாது. மேற்கே பல நாடுகளில் இரும்பு முதலில் வந்தது தேனிரும்பாக, அதனால் பல தலைமுறை இரண்டும் ஒட்டுக்கா நடந்தன. ஈரானில் லூரிஸ்தான் பக்கம் வெண்கலப் பிடியும் இரும்பு அலகுமாகவே கத்தி கிடைக்கிறது.

நம் பக்கத்துக் கதை வேறு. சேலம் மாவட்டத்துத் தெலுங்கனூரில் கிடைத்த வாளை ஆராய்ந்து உயர் கரி உருக்கு என்கிறார்கள், காலம் கி.மு. 1435க்கும் 1233க்கும் இடையில். ஊளுபுருன் கப்பல் மூழ்கியதும் அதே காலக்கட்டம்! கொடுமணலில் மூசையில் உருக்கு செய்த தடயம். இப்படி ஆயிற்றென்றால் இங்கே வெண்கல வாளுக்குப் போட்டியே நடக்கவில்லை. தெலுங்கனூர்க் காலத்தைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதாடட்டும், ஆயிரம் வருஷம் கழித்தே வைத்துக்கொண்டாலும் கஞ்சமலை அங்கேயே இருக்கிறது, வெள்ளீயம் கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது.

ஜூன் 10

பெருந்துறைக்காரர்: "அப்ப மொதல்ல நான் சொன்னதுதானேங்க சரி, இரும்புகிட்ட வெண்கலம் தோத்துப் போச்சு?"

இல்லைங்க. இரும்பிடம் தோற்கவில்லை, உருக்கிடம். அதுவும் வெள்ளீய வியாபாரி வராத ஊரில். டீக்கடையில் போய் இதைச் சொல்லுங்கள், காசு நான் தருகிறேன்.

ஆகஸ்ட் 4

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி போய் வந்து எழுதுகிறேன். எடை கேட்டவருக்கு: அலகும் நாக்கும் சேர்த்து 560 கிராம். புதுப் பேட்டர்னில் நாக்கின் இரண்டு ஓரமும் மடித்துவிட்டேன், துளை ஆறு. வெள்ளீயம் இன்னும் முக்கால் கிலோ வேண்டும், விலை ஏறிவிட்டது. பேரீச்சம்பழக்காரர் தெருவுக்கு வந்தால் உடைந்த ஈயச் சொம்பு எதுவும் வைத்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.